புல்லை அறிந்து களை நீக்குவோம்

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் மாடுகள் மேயும் பரந்த புல்வெளிகள் உள்ளன. இளவேனிற் காலத்தில் அங்கு இரண்டு சிறு புற்கள் அருகருகே வளர்வதைக் காணலாம். இரண்டும் ஓராண்டுத் தாவரங்கள். விதை முற்றியதும் காய்ந்துவிடும்.

அவற்றுள் ஒன்று 'சீட்கிராஸ்'. 19ஆம் நூற்றாண்டில் அயல்நாட்டிலிருந்து வந்து பரவிய இப்புல், கோடையின் தொடக்கத்திலேயே காய்ந்து காட்டுத்தீ பரவ வழிவகுக்கிறது. ஆகவே, மேய்ச்சல் நில உரிமையாளர்கள் அதனை அழிக்க முயல்கின்றனர். மற்றொன்று 'சிக்ஸ்வீக்ஸ் ஃபெஸ்கியூ' எனும் அம்மண்ணுக்கே உரிய புல். 'ஆறு வாரம்' எனப் பொருள்படும் இப்பெயர், அதன் குறுகிய வாழ்நாளைக் குறிக்கிறது.

இவற்றை எவ்வாறு பிரித்தறிவது? முதலில் கதிரைக் கவனிக்க வேண்டும். சீட்கிராஸின் கதிர் தலைசாய்ந்து தொங்கும். முதிரும்போது செந்நீல நிறமாக மாறும். ஃபெஸ்கியூவின் கதிரோ ஒடுங்கி நிமிர்ந்து நிற்கும். அடுத்து, இலைகளைத் தொட்டுப் பார்க்கலாம். சீட்கிராஸின் இலையிலும் தண்டைச் சுற்றியுள்ள இலையுறையிலும் மென்மையான மயிர்கள் அடர்ந்திருக்கும். ஃபெஸ்கியூவின் இலைகள் மிகவும் ஒடுங்கி, பெரும்பாலும் உட்புறமாகச் சுருண்டிருக்கும்.

இவ்வேறுபாடுகளை அறியாமல் களைக்கொல்லி தெளித்தால், தீங்கற்ற உள்நாட்டுப் புல் அழிந்துவிடும். வெறுமையான அந்நிலத்தில் சீட்கிராஸ் எளிதில் வேரூன்றிவிடும். எனவே, களையை நீக்கும் முன் அது களைதானா என்பதை உறுதிசெய்வது அவசியமாகும்.