குறட்டை விடுபவர் வண்டி ஓட்டலாமா?

இரவு பதினொரு மணிக்குக் கடை அடைத்து, விடியுமுன் எழுந்து கோயம்பேட்டுக்கோ திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கோ சரக்கெடுக்க வண்டி ஓட்டிச் செல்பவர்கள் நம்மில் பலர். பகலில் கல்லாவில் கண் சொருகினால் "அலைச்சல்" என்கிறோம். அலைச்சல் மட்டும்தானா என்று பார்ப்போம்.

"ஏங்க, ராத்திரி குறட்டை விட்டுக்கிட்டே இருந்தீங்க, திடீர்னு மூச்சே நின்னுடுச்சு. பயந்துபோய்த் தட்டி எழுப்பினேன்" என்பார் மனைவி. "நான் நல்லாத்தானே தூங்கினேன்" என்று சாவியை எடுத்துக்கொண்டு கிளம்புவோம். நாம் பொய் சொல்லவில்லை. தூங்குபவருக்கு இது தெரியாது. அருகில் இருப்பவருக்கே தெரியும். அவர் சொல்லைத் தள்ளக் கூடாது.

நோய் என்ன?

இதற்கு ஸ்லீப் ஆப்னியா, அதாவது உறக்க மூச்சுத்தடை என்று பெயர். தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதையை அடைக்கின்றன. 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்கிறது. உடனே மூளை உலுக்கி எழுப்ப, திணறலோடு மூச்சு திரும்புகிறது. மணிக்கு 30 முறையோ அதற்கு மேலோ இப்படி நடந்தால் கடுமையான நிலை. எட்டு மணி நேரம் படுத்தும் தூக்கம் வரவில் சேருவதில்லை. அந்தப் பாக்கி ஸ்டியரிங் முன்னால் வசூலாகிறது.

2013 டிசம்பர் 1 அன்று நியூயார்க் நகரில் ஒரு பயணிகள் ரயில், மணிக்கு 48 கிலோமீட்டரில் செல்ல வேண்டிய வளைவில் 132 கிலோமீட்டரில் பாய்ந்து தடம் புரண்டது. 4 பேர் இறந்தனர். ஓட்டுநர் கண் அயர்ந்திருக்கிறார். அவருக்குக் கடுமையான மூச்சுத்தடை இருந்தது விபத்துக்குப் பிறகே தெரிந்தது.

அடையாளங்கள்

பலத்த குறட்டை, இடையில் மூச்சு நின்று திணறல், காலையில் தலைவலி, பகலில் அடங்காத தூக்கம், ரத்தக் கொதிப்பு. சட்டைக் காலர் 17 அங்குலத்துக்கு மேல் போகும் ஆண்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சிக்னலில் வண்டி நிற்கும்போதே கண் மூடினால் அது பெரிய எச்சரிக்கை.

செய்ய வேண்டியவை

1. வீட்டார் இரண்டு மூன்று இரவுகள் கவனித்து, செல்போனில் பதிவு செய்து வைக்கலாம். அதை நடு இரவில் சண்டையாக அல்ல, பகலில் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

2. நுரையீரல் மருத்துவரையோ காது மூக்கு தொண்டை மருத்துவரையோ பார்க்கும்போது இருவரும் சேர்ந்தே போக வேண்டும். ஓர் இரவுத் தூக்கப் பரிசோதனையில் உண்மை தெரிந்துவிடும்.

3. 1981-இல் ஆஸ்திரேலியாவில் அறிமுகமான சிபேப் கருவி, முகமூடி வழியே காற்றழுத்தம் தந்து மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கிறது. தினமும் போட்டால்தான் பலன். அலமாரியில் வைத்தால் முதல் முடங்கிய சரக்குதான்.

4. உடல் எடையைக் குறைக்க வேண்டும். மதுவும், மருத்துவரைக் கேட்காமல் போடும் தூக்க மாத்திரையும் தடையை அதிகமாக்கும்.

5. மருத்துவர் சரி என்று சொல்லும்வரை சாவி வேறொருவர் கையில் இருக்கட்டும். ஓட்டுநர் கூலியைக் கடைச் செலவில் எழுதுவோம். டீயும் ஜன்னல் காற்றும் இந்த நோய்க்கு மருந்தல்ல.

ஆபத்தான நோய் தனக்கு இருப்பது தெரிந்தும் வண்டி ஓட்டுவது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 186-ஆவது பிரிவின்படி குற்றமும் ஆகும். எதிரே வருபவருக்கும் குடும்பம் உண்டு.

சிகிச்சை பெற்றவர்கள் மீண்டும் நிம்மதியாக வண்டி ஓட்டுகிறார்கள். ஆகவே பயம் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். இன்றிரவே வீட்டாரிடம் ஒரு கேள்வி கேட்போம்: "தூக்கத்தில் எனக்கு மூச்சு நிற்கிறதா?"