பெற்றோர் இடம்பெயர்ந்தால் குழந்தை யார் பொறுப்பில்?

மணவிலக்குத் தீர்ப்பில், குழந்தை யாரிடம் வளரும் என்பதும் மற்றவர் எந்நாட்களில் அதனைச் சந்திக்கலாம் என்பதும் வரையறுக்கப்படுகின்றன. இருவரும் ஒரே ஊரில் வாழ்வர் என்னும் அனுமானமே பெரும்பாலும் இவ்வேற்பாட்டின் அடிப்படை. ஒருவர் உத்தியோக நிமித்தம் வேற்றூருக்கோ வெளிநாட்டுக்கோ செல்ல நேரிடும்போது அது குலைந்துவிடுகிறது. கணிப்பொறித் தொழில் காரணமாக அமெரிக்காவுடன் நெருங்கிய தொடர்பு கொண்ட ஹைதராபாத் நகருக்கு இப்பிரச்சினை புதியதன்று.

2013ஆம் ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் முடிவு செய்த வழக்கொன்றைக் காண்போம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில நீதிமன்றத்தின் ஆணைக்கு மாறாக, தாய் குழந்தையுடன் இந்தியா வந்துவிட்டார். ஹைதராபாதில் அமைந்திருந்த ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்யப்பட்டது. குழந்தையைத் திரும்ப அமெரிக்காவுக்கு அழைத்துச் செல்லுமாறு அந்நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவை உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அயல்நாட்டு நீதிமன்றத்தின் ஆணைக்குரிய மதிப்பு அங்கு பெரிதும் கருதப்பட்டது. ஆனால் 2017இல் வேறொரு வழக்கில், அத்தகைய ஆணை கவனிக்கத்தக்க அம்சங்களுள் ஒன்று மட்டுமே என்றும், குழந்தையின் நலனே தலையாயது என்றும் அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. குழந்தைகளை நாடு கடத்திச் செல்வது குறித்த 1980ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. சேரலாம் எனச் சட்ட ஆணையம் 2009இல் பரிந்துரைத்தது. கொடுமைக்கு அஞ்சித் தாயகம் திரும்பும் பெண்களின் நிலை என்னாகும் என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. அது நியாயமான கேள்வியுங்கூட.

முறைப்படி அனுமதி கோருபவரின் நிலை வேறு. நீதிமன்றம் நியமித்த காப்பாளர், அதன் அனுமதியின்றி மைனரை அதன் ஆட்சி எல்லைக்கு அப்பால் கொண்டு செல்லலாகாது என 1890ஆம் ஆண்டின் காப்பாளர்கள் சட்டம் 26ஆம் பிரிவு பொதுவிதியாகக் கூறுகிறது. பரஸ்பர சம்மதத்தின் பேரில் பிரிந்த டெல்லித் தம்பதியர் வழக்கில், ஆஸ்திரேலியாவில் வேலை கிடைத்த தாய் மகனை உடன் அழைத்துச் செல்ல 2010இல் உச்ச நீதிமன்றம் இசைந்தது. சம்மதத்தின் பேரில் பிறந்த உத்தரவும் சூழ்நிலைக்கேற்ப மாற்றத்தக்கதே என்றும், தாயின் தன்னுரிமையும் முன்னேற்றமும் புறக்கணிக்கத்தக்கவை அல்ல என்றும் அது கருதியது.

இதில் அதிகம் பேசப்படாத பகுதி செலவு. வார இறுதியில் நகரப் பேருந்தில் சென்று மகளைப் பார்த்து வந்த தந்தை, இனி விமானக் கட்டணம் செலுத்த வேண்டும். சந்திக்கும் உரிமை காகிதத்தில் அப்படியே இருக்கும்; அதனைப் பயன்படுத்தும் சக்தி மாதச் சம்பளக்காரரிடம் இராது. பெற்றோரின் இடப்பெயர்ச்சி பற்றிய நெறிமுறைகள் தேவை எனச் சட்ட ஆணையம் தன் 257ஆவது அறிக்கையில் 2015இலேயே எடுத்துரைத்தது. குழந்தையுடன் தொலைபேசியிலும் காணொளியிலும் பேசும் உரிமையை 2020இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது ஓரளவு ஆறுதல். எனினும் கைபேசித் திரை கோடை விடுமுறைக்கு ஈடாகாது.

ஆகவே, சம்மத மனு எழுதும்போதே இடம்பெயர எண்ணுபவர் எத்தனை நாள் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும், பயணக் கட்டணத்தை எவர் எவ்விகிதத்தில் ஏற்பது, எந்தப் பள்ளி விடுமுறை யாருக்கு என்பனவற்றையும் சேர்த்துக்கொள்வது நன்று. இதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. குடும்ப நீதிமன்ற ஆலோசகர் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றோ நான்கோதான்.