பந்து விழுந்தால் போதுமா?

நகரத்து பூல் பார்லர்களில் அடிக்கடி பார்க்கக்கூடிய காட்சி இது. ஒன்பது அடி டேபிளில் அத்தனை பந்துகளையும் வரிசையாகப் போட்டுத் தீர்த்த இளைஞர், அதே தெம்போடு பக்கத்திலுள்ள பன்னிரண்டு அடி ஸ்னூக்கர் டேபிளுக்குப் போகிறார். சுலபமான சிவப்புப் பந்து, குறியும் ஏறக்குறைய சரிதான். பந்து பாக்கெட்டின் வாய்வரை போய், இரண்டு ஓரத்திலும் இடித்துத் தத்தளித்து வெளியே வந்து நின்றுவிடுகிறது. அவர் கியூவை உயர்த்திப் பார்க்கிறார், சாக்கை எடுத்துத் தேய்க்கிறார். கோளாறு கியூவில் இல்லை.

பூல் ஆட்டத்தில் தேறியவர்கள் தொழில்முறை ஸ்னூக்கருக்குத் தாவ முயல்வது புதிதல்ல. அந்த முயற்சியைச் சுற்றிப் பல நம்பிக்கைகள் உலவுகின்றன. அவற்றை நம்பி வருஷக்கணக்கை இழப்பவர்கள் உண்டு. அவற்றாலேயே ஆசையை மூட்டை கட்டி வைப்பவர்களும் உண்டு.

நம்பிக்கை 1: டேபிள் கொஞ்சம் பெரிது, மற்றபடி எல்லாம் ஒன்றுதான்.

உண்மை: 'கொஞ்சம்' இல்லை. ஒன்பது அடி பூல் டேபிளின் ஆடுபரப்பு 100 அங்குல நீளம், 50 அங்குல அகலம். ஸ்னூக்கரில் அது 140.5 அங்குலம், 70 அங்குலம். பரப்பளவு கிட்டத்தட்ட இரு மடங்கு. பந்தோ சிறியது: அங்கே 57.15 மி.மீ. விட்டம், இங்கே 52.5 மி.மீ. கியூ முனையும் 12, 13 மி.மீ.யிலிருந்து பத்துக்குள் இறங்கிவிடுகிறது. பந்தின் நடுவைவிட்டு முனை ஒரு நூல் விலகினாலும், தூரம் போகப் போக அந்தப் பிழை பெருகிக்கொண்டே போகும்.

பெரிய வேறுபாடு பாக்கெட்டில் இருக்கிறது. பூல் டேபிளின் பாக்கெட் ஓரங்கள் நேராக வெட்டப்பட்டவை. குஷனை ஒட்டி வரும் பந்து ஓரத்தில் இடித்தாலும் உள்ளே சரிந்துவிட வாய்ப்பு அதிகம். ஸ்னூக்கர் பாக்கெட்டின் வாய் சுமார் மூன்றரை அங்குலம்தான். அதன் ஓரங்கள் வளைந்தவை, வேகமாக வந்து இடிக்கும் பந்தைத் திருப்பி அனுப்பிவிடும்.

துணியும் வேறு. வெல்வெட்டை ஒரு பக்கமாகத் தடவினால் வழுவழுப்பு, எதிர்ப்பக்கமாகத் தடவினால் சொரசொரப்பு. ஸ்னூக்கர் டேபிளின் கம்பளித் துணியிலும் அப்படி ஒரே திசையில் படிந்த மெல்லிய ரோமம் உண்டு. மெதுவாக உருட்டிய பந்து அதன் போக்கில் விலகும். பக்கச்சுழல் கொடுத்திருந்தால், ரோமத்தின் திசையில் ஒரு மாதிரியும் எதிர்த்திசையில் வேறு மாதிரியும் வளையும். வழவழப்பான பூல் துணியில் பழகிய கைக்கு இது முற்றிலும் புதுப்பாடம்.

நம்பிக்கை 2: பாட் செய்யத் தெரிந்தால் போதும், பிரேக் தானாக வரும்.

உண்மை: நைன்-பால் ஆட்டத்தில் டேபிளில் இருப்பது ஒன்பது பந்து. ஸ்னூக்கரில் ஒரே பிரேக்கில், அதாவது தவறாமல் தொடர்ந்து போடும் ஒரே வரிசையில், நூறு புள்ளி சேர்க்கும் செஞ்சுரிக்கே குறைந்தது 25 பந்துகளை இடைவிடாமல் போட வேண்டும். 147 என்ற உச்சத்துக்கு 36. ஒவ்வொரு சிவப்புக்குப் பிறகும் ஒரு வண்ணப் பந்து, அதன் பிறகு மறுபடி சிவப்பு. நைன்-பாலில் வெள்ளைப் பந்தை இரண்டு மூன்று குஷன் ஓடவிட்டு அடுத்த பந்துக்குக் கொண்டுபோவது கலை. ஸ்னூக்கரில் தேர்ந்தவர்கள் கறுப்பைச் சுற்றியே சாண் கணக்கில் வெள்ளையை நகர்த்துவார்கள். ஓட்டம் கூடக் கூட ஆபத்தும் கூடும்.

விதிகளும் புத்தியை மாற்றச் சொல்கின்றன. நைன்-பாலில் எதிராளி ஃபவுல் செய்தால் வெள்ளைப் பந்தைக் கையில் எடுத்து, விரும்பிய இடத்தில் வைத்து ஆடலாம். ஸ்னூக்கரில் கிடைப்பது குறைந்தபட்சம் நான்கு புள்ளி. வெள்ளை பாக்கெட்டில் விழாதவரை நின்ற இடத்திலிருந்தே ஆட வேண்டும். வெள்ளையை இன்னொரு பந்தின் மேல் தாவவிட்டு அங்கே பாராட்டு வாங்கித் தரும் ஜம்ப் ஷாட் இங்கே ஃபவுல்.

நம்பிக்கை 3: மார்க் செல்பியே பூல் ஆட்டத்திலிருந்து வந்தவர்தானே?

உண்மை: செல்பி 2006இல் எய்ட்-பால் உலகப் பட்டம் வென்றவர்தான். ஆனால் அதற்கு ஏழு வருஷம் முன்பே, பதினாறு வயதில், ஸ்னூக்கரில் தொழில்முறை ஆட்டக்காரராகிவிட்டார். 2014, 2016, 2017, 2021 என நான்கு முறை உலக ஸ்னூக்கர் சாம்பியனானது சிறுவயதிலிருந்து அந்த டேபிளில் வளர்ந்ததன் பலன். 1999இல் அதே எய்ட்-பால் பட்டத்தை வென்ற ஆஸ்திரேலியர் குவின்டன் ஹானும் ஸ்னூக்கர்காரர்தான்.

அவர்கள் வென்றது பிரிட்டிஷ் எய்ட்-பால் என்பதையும் கவனிக்க வேண்டும். ஏழு அடி டேபிள், இரண்டு அங்குலப் பந்து, ஸ்னூக்கர் போலவே வளைந்த பாக்கெட். அது ஸ்னூக்கரின் தம்பி. அமெரிக்க நைன்-பால் தூரத்து உறவு.

அந்தத் தூரத்தைக் கடந்தவர்களைத் தேடினால் கண் கனடாவில் நிற்கிறது. பூல் ஆட்டமும் ஸ்னூக்கரும் அங்கே அருகருகே வளர்ந்தவை. கிளிஃப் தோர்பர்ன் இளம் வயதில் ஊர் ஊராகப் போய்ப் பணப்பந்தயம் ஆடியவர். 1980இல் அலெக்ஸ் ஹிக்கின்ஸை 18-16 என வென்று உலக ஸ்னூக்கர் சாம்பியனானார். 2004 நைன்-பால் உலக சாம்பியன் அலெக்ஸ் பகுலாயன், கனடாவின் தேசிய ஸ்னூக்கர் பட்டத்தையும் வென்றவர். நைன்-பால் மட்டுமே ஆடி வளர்ந்து, பெரியவரான பிறகு ஸ்னூக்கர் கற்று உலகப் பட்டம் வென்றவர் இதுவரை ஒருவரும் இல்லை.

நம்பிக்கை 4: ஸ்னூக்கர்காரர்கள் அந்தப் பக்கம் போய் ஜெயிக்கிறார்கள், ஆகவே பூல் மட்டமான ஆட்டம்.

உண்மை: அலிசன் ஃபிஷர் ஏழு முறை மகளிர் உலக ஸ்னூக்கர் சாம்பியன். பெண்களுக்கு ஸ்னூக்கரில் வருமானம் இல்லாத நிலையில் 1995இல் அமெரிக்கா போனார். 1996, 1997, 1998, 2001 ஆண்டுகளில் நைன்-பால் உலகப் பட்டம் அவருடையது. கேரன் கார், கெல்லி ஃபிஷர் இருவரும் அதே வழியில் போனவர்கள். நேரான கியூ வீச்சை அவர்கள் கையோடு கொண்டுபோனார்கள். பந்துக் கூட்டத்தை உடைக்கும் தொடக்க அடியையும், ஜம்ப் ஷாட்டையும், குஷனில் தட்டி மறைந்த பந்தைத் தொடும் வித்தையையும் அங்கே போய்த்தான் கற்றார்கள். ஆறு முறை உலக ஸ்னூக்கர் சாம்பியனான ஸ்டீவ் டேவிஸ், பூல் போட்டியான மோஸ்கோனி கோப்பையில் ஐரோப்பாவுக்காகப் பதினொரு முறை ஆடினார். மட்டமான ஆட்டத்துக்கு அத்தனை வருஷம் யாரும் கொடுக்க மாட்டார்கள்.

நம்பிக்கை 5: திறமை இருந்தால் தொழில்முறை வட்டத்துக்குள் நுழைந்துவிடலாம்.

உண்மை: 2011இல் தொடங்கிய 'கியூ ஸ்கூல்' தகுதிப் போட்டி எல்லோருக்கும் திறந்த வாசல். ஆனால் அதிகபட்சம் ஏழு ஃபிரேம் கொண்ட சிறு ஆட்டங்கள். ஒரு மாலை சறுக்கினாலும் பெரிய பின்னடைவுதான். வென்றால் இரண்டு வருஷ அனுமதி. சுமார் 128 பேர் உள்ள வட்டத்தில் முதல் 64 இடத்துக்குள் வராவிட்டால் பெரும்பாலும் மறுபடி அதே வாசலில்தான் நிற்க வேண்டும். 2022-23 பருவம் முதல் ஆண்டுக்கு 20,000 பவுண்டு உறுதியளிக்கப்பட்டது. பிரிட்டனில் தங்கி, பயிற்சி செய்து, சீனா வரை பயணம் போகிறவருக்கு அது எம்மாத்திரம்? பில்லியர்ட்ஸிலும் ஸ்னூக்கரிலும் உலகப் பட்டங்கள் வென்ற பங்கஜ் அத்வானியே 2012இல் அந்த வட்டத்துக்குள் போய், 2014இல் விலகி வந்தார்.

நம்பிக்கை 6: ஸ்னூக்கர் நமக்கு அந்நியம்.

உண்மை: ஆட்டம் பிறந்தது 1875இல் ஜபல்பூரில். விதிகள் எழுதி மாட்டப்பட்டது ஊட்டி கிளப்பில்.

தாவ விரும்பும் இளைஞர் எங்கே தொடங்குவது? பெரிய பிரேக்கை மறந்துவிட்டு, நீலப் பந்தை அதன் புள்ளியில் வைத்து, வெள்ளையை அதற்கு நேர்கோட்டில் வைத்து, மூலை பாக்கெட்டுக்கு மெதுவாக அடிக்கலாம். பந்து எந்த ஓரத்தையும் தொடாமல் வாயின் நடுவே விழ வேண்டும். தொட்டுக்கொண்டு விழுந்தது கணக்கில் சேராது. அந்தக் கணக்கு நூறு தாண்டும்போது, முதல் நாள் வெளியே வந்து நின்ற சிவப்பு எந்த ஓரத்தில் முதலில் இடித்தது என்பது அவருக்கே தெரிந்திருக்கும்.