வெள்ளமும் வாலிபரும்



இம்மாதப் பாடத்துக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் சீதோஷ்ண நிலை மாற்றம். "கொள்முதலும் விற்பனையும் பார்க்கவே நேரம் போதவில்லை, வானத்தைப் பற்றி நமக்கென்ன விசாரம்?" என்று வியாபாரிகளாகிய நம்மில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அவர்களைச் சற்றுப் பொறுமையாகப் படிக்குமாறு வேண்டிக்கொள்கிறோம். இது நம் கடை வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட விஷயம். நம் பிள்ளைகள் நம்மைவிட முன்னதாக விளங்கிக்கொண்ட விஷயமும் கூட.

1. நம் ஊரும் ஆறும்

கோலாலம்பூர் கிள்ளான் ஆறும் கொம்பாக் ஆறும் கூடுமிடத்தில் எழுந்த ஊர். அந்தக் கூடுதுறையில்தான் 1909ஆம் ஆண்டிலிருந்து ஜாமிக் பள்ளிவாசல் நிற்கிறது. ஆற்றை நம்பி வளர்ந்த ஊர், ஆற்றால் பலமுறை அடியும் பட்டிருக்கிறது.

1881ஆம் ஆண்டில் முதலில் தீயும், பின்னர் வெள்ளமும் வந்து, மரத்தாலும் அத்தாப்பாலும் கட்டிய பழைய ஊரை அழித்துவிட்டன. அதன்பின் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், கட்டடங்களைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டுமென்று விதித்தார். கப்பித்தான் யாப் ஆ லோய் செங்கல் சூளைகளுக்கு இடம் கண்டார். அந்தச் செங்கல் களமே இன்றைய பிரிக்பீல்ட்ஸ். அந்தப் பெயரிலேயே ஒரு வெள்ளத்தின் பாடம் அடங்கியிருக்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருக்கிறோம்?

1926ஆம் ஆண்டு வெள்ளத்தை நம் பாட்டன்மார் கண்டனர். 1971 ஜனவரி வெள்ளம் நம் பெரியவர்கள் பலருக்கு இன்னும் நினைவில் இருக்கும். அப்போது தலைநகரில் 32 பேர் மாண்டனர். ஏறத்தாழ 1,80,000 பேர் பாதிக்கப்பட்டனர். அதன் பிறகு வெள்ளத்தடுப்பு அரசாங்கத்தின் பெரும் வேலைகளில் ஒன்றாயிற்று. 2007ஆம் ஆண்டில் 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள ஸ்மார்ட் சுரங்கம் திறக்கப்பட்டது. பெருமழை நாளில் மோட்டார் வண்டிகளை நிறுத்திவிட்டு, வெள்ள நீரைச் சுரங்கத்தின் வழியே திருப்பிவிடும் ஏற்பாடு அது. ஆனால் அது நகரின் நடுப்பகுதியைக் காப்பதற்காகக் கட்டியது. ஆற்றின் கீழ்ப்பகுதியிலுள்ள ஷா ஆலம், கிள்ளான் தாழ்நிலங்களுக்கு அது முழுக் காப்பாகாது. 2021இல் அது விளங்கிவிட்டது.

2. பேரேடு சொல்லும் செய்தி

2021 டிசம்பர் 17ஆம் தேதி தொடங்கிய மழை மறுநாளும் விடவில்லை. கோலாலம்பூரில் ஒரு வருஷத்துக்குச் சராசரியாக 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 200. அந்த டிசம்பரில் 24 மணி நேரத்துக்குள் கொட்டியது ஏறத்தாழ 380 மில்லிமீட்டர் என்று அரசாங்கம் அறிவித்தது. இரண்டு மாதச் சரக்கை ஒரே நாளில் ஒரே லோரியில் கொண்டுவந்து கடை வாசலில் இறக்கினால் என்ன ஆகும்? வாங்கி அடுக்க இடமேது? அதே கதிதான் நம் சாக்கடைகளுக்கும் ஆறுகளுக்கும் நேர்ந்தது.

ஷா ஆலத்தின் 25ஆம் பிரிவிலுள்ள தாமான் ஸ்ரீ மூடாவில் ஜனங்கள் மாடிகளிலும் கூரைகளிலும் ஏறி உதவிக்குக் காத்திருந்தனர். ஆற்றின் மட்டம் உயர்ந்து நிற்கையில் தாழ்நிலத்து நீர் தானாக வடியாது. இயந்திரம் வைத்து இறைக்க வேண்டும். ஆகவே மழை விட்ட பின்னும் துயரம் விடவில்லை.

நஷ்டக் கணக்கைப் பாருங்கள். 2021 இறுதியிலும் 2022 தொடக்கத்திலும் வந்த வெள்ளங்களால் நாடு முழுவதும் ஏற்பட்ட இழப்பு 610 கோடி வெள்ளி என்று புள்ளிவிவர இலாகா கணக்கிட்டது. அதில் கடைகள் முதலிய வியாபார இடங்களின் இழப்பு ஏறத்தாழ 50 கோடி; வாகனங்களின் இழப்பு ஏறத்தாழ 100 கோடி. நனைந்த அரிசி மூட்டையும், சேறு படிந்த துணிக்கட்டும், கெட்டுப்போன குளிர்ப்பெட்டியும் அந்த 50 கோடிக்குள் அடக்கம். கடன் வாங்கிப் போட்ட சரக்கு ஓர் இரவில் குப்பையாகும்போது முதலாளி மட்டுமா துன்பப்படுகிறார்? அவரை நம்பி ஊரில் மணியார்டரை எதிர்பார்க்கும் குடும்பங்கள் எத்தனை!

3. காரணம் யாது?

நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதாலும், காடுகளை அழிப்பதாலும் கரியமில வாயு ஆகாயத்தில் சேர்கிறது. பூமியின் உஷ்ணம் வெளியேறாமல் அது போர்வைபோல் தடுக்கிறது. 2021 ஆகஸ்டில் வெளியான ஐ.நா. விஞ்ஞானிகள் குழுவின் அறிக்கை, பூமியின் வெப்பம் முன்னைவிட ஏறத்தாழ 1.1 பாகை செல்சியஸ் உயர்ந்துவிட்டது என்றும், அதற்கு மனிதரின் செயலே காரணம் என்றும் ஐயமின்றிக் கூறியது.

காற்றின் வெப்பம் ஒரு பாகை கூடினால், அது ஏறக்குறைய நூற்றுக்கு 7 பங்கு அதிகமான நீராவியைத் தாங்கும். ஆகவே மழை பெய்யும் போது கனத்துப் பெய்கிறது. ஒரு குறிப்பிட்ட மழையைக் காட்டி, "முழுக்க முழுக்க இதனால்தான்" என்று சொல்வது முறையன்று. மலையை வெட்டியதும், ஆற்றோரத் தாழ்நிலத்தில் வீடு கட்டியதும், சாக்கடையை அடைத்ததும் சேர்ந்தே வெள்ளத்தைப் பெரிதாக்குகின்றன. ஆயினும் பெருமழைகள் அடிக்கடி வரும் காலம் தொடங்கிவிட்டது என்பதில் விஞ்ஞானிகளுக்குள் கருத்து வேறுபாடில்லை.

4. படகும் மனுவும்

இனிப் பாடத்தின் முக்கிய பகுதிக்கு வருவோம்.

அந்த டிசம்பரில் வாலிபர்கள் செய்த சேவையை யாவரும் அறிவர். கிடைத்த படகுகளைக் கொண்டுவந்து முன்பின் அறியாதவர்களைக் கரை சேர்த்தார்கள். சோற்றுப் பொட்டலம் சுமந்தார்கள். வெள்ளம் வடிந்தபின் வீடு வீடாகச் சென்று சேறு வாரினார்கள். மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்ற பேதம் அங்கே இருக்கவில்லை. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது பள்ளிவாசல்களைத் திறந்துவிட்டு, சாதி மதம் பாராமல் உணவளித்த தமிழ்நாட்டு முஸ்லிம் இளைஞர்களின் தொண்டையும் நாம் மறக்கவில்லை. இவர்களை நாம் மனதாரப் பாராட்டினோம். பாராட்டியது சரியே.

ஆனால் அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னர் நடந்த ஒரு காரியத்தை நம்மில் பலர் கவனிக்கவேயில்லை.

கோல லங்காட் வடக்கு வனக் காப்பகம் கிள்ளானுக்குத் தெற்கே உள்ளது. இலையும் தழையும் கட்டையும் முற்றாக மக்காமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து கிடக்கும் கரிச்சேற்று நிலம் அது. நனைந்த பஞ்சுபோல் நீரைப் பிடித்து வைத்திருக்கும். அதை வெட்டி நீரை வடித்தால் நிலம் தாழ்ந்துபோகும். காய்ந்தால் தீப்பற்றிப் புகையும். அதுவரை அடைபட்டிருந்த கரியெல்லாம் வாயுவாகி ஆகாயத்தில் சேரும். முன்பு ஏறத்தாழ 7,000 ஹெக்டேர் இருந்த அந்தக் காப்பகம், 1,000 ஹெக்டேருக்கும் குறைவாகச் சுருங்கிவிட்டது. எஞ்சியதிலும் பெரும்பகுதியைக் காப்பகப் பட்டியலிலிருந்து நீக்கிக் கட்டட வேலைக்கு விட 2020 பிப்ரவரியில் சிலாங்கூரில் அறிவிப்பு வெளிவந்தது.

அந்தக் காட்டை அண்டி வாழும் தெமுவான் பழங்குடி மக்கள் எதிர்த்தார்கள். இயற்கைப் பாதுகாப்புச் சங்கங்கள் சேர்ந்தன. 2019ஆம் ஆண்டில் இளைஞர்கள் தொடங்கிய கிளிமா ஆக்ஷன் மலேசியா போன்ற குழுக்களும் தோள் கொடுத்தன. ஆட்சேப மனுக்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. இவ்வளவுக்குப் பிறகும், காப்பகத்தில் 536 ஹெக்டேருக்கு மேல் நீக்கப்பட்டுவிட்டது என்று 2021 ஆகஸ்ட் இறுதியில் சட்டமன்றத்தில் தெரியவந்தது. ஊரெங்கும் கண்டனம் எழுந்தது. செப்டம்பர் 8ஆம் தேதி மாநில அரசாங்கம் அந்த முடிவை ரத்து செய்தது.

இதை வாலிபர்கள் மட்டுமே சாதித்தார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. அந்தக் காடு கிள்ளான் ஆற்று வெள்ளத்தைத் தடுக்கும் என்றும் சொல்லவில்லை. அது லங்காட் ஆற்றுப் பக்கத்துக் காடு. நாம் சொல்ல வந்தது வேறு. படகு ஓட்டிய கையும் மனு எழுதிய கையும் இளங்கைகளே. படகு ஓட்டிய போது, "நம் பிள்ளைகள்!" என்று மார்தட்டினோம். மனு எழுதியபோதும், பதாகை பிடித்தபோதும், "படிக்கிற வயதில் இது எதற்கு? வேலையற்ற வேலை" என்று சிரித்தோம். சுவீடன் நாட்டு மாணவி கிரேட்டா துன்பர்க் 15 வயதில், 2018 ஆகஸ்டில், பாராளுமன்ற வாசலில் தனியே உட்கார்ந்தபோதும் உலகம் இப்படித்தான் சிரித்தது. அடுத்த வருஷம் செப்டம்பரில் உலக நகரங்களில் லட்சக்கணக்கானோர் வீதிக்கு வந்தனர். கோலாலம்பூரிலும் இளைஞர்கள் திரண்டனர்.

படகு, வெள்ளம் வந்தபின் உயிரைக் காக்கும். ஆனால் சரக்கைக் காக்குமா? கிட்டங்கியைக் காக்குமா? அடுத்த வருஷத்து வெள்ளத்தைக் குறைக்குமா? வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. அந்த மனுவே அணை. வியாபாரிக்கு எது பெரிய லாபம் என்று நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

5. ஓர் ஆட்சேபனை

"நாம் சிறு கடைக்காரர்கள். பெரிய தொழிற்சாலைகள் புகை கக்கும்போது நாம் ஒரு பிளாஸ்டிக் பையைக் குறைத்து என்ன ஆகப் போகிறது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நம் கடைகளால் மட்டும் ஆகாயம் குளிர்ந்துவிடாது. ஆனால் சட்டமும் திட்டமும் மாற வேண்டுமானால், கேட்கிறவர்களின் குரல் பெருக வேண்டும். மாணவர் ஒருவர் கேட்டால், "சிறு பிள்ளை" என்று தள்ளிவிடுவார்கள். அவருக்குப் பின்னால் வரி கட்டும் வியாபாரிகளும் அவர்களுடைய சங்கமும் நின்றால் அப்படித் தள்ள முடியுமா?

மேலும், மழைநீர் வடியாமல் நிற்பதில் நம் பங்கும் உண்டு என்பதை மறைக்கலாகாது. சாப்பாட்டுக் கடையின் பழைய எண்ணெயும் கொழுப்பும் சாக்கடையில் உறைந்து கிடக்கின்றன. அஞ்சடியில் வீசிய அட்டையும் பையும் வாய்க்காலை அடைக்கின்றன.

6. செய்யத்தக்கவை

முதலாவது: சங்கத்தின் நிர்வாகத்தில் வாலிபர்களுக்கு இடம் வேண்டும். 2021 டிசம்பர் 15 முதல் இந்நாட்டில் 18 வயதானவர் வாக்காளர். நாட்டின் அரசாங்கத்தைத் தேர்ந்தெடுக்கத் தகுதி பெற்றவருக்கு, நம் சங்கத்தில் நாற்காலி அடுக்கும் வேலை மட்டும்தானா? ஒரு பொறுப்பையும், அதற்குரிய பணத்தையும், அதன் கணக்கையும் அவர்களிடம் ஒப்படைப்போம்.

இரண்டாவது: நம் கடைத்தெருக்களில் எந்தச் சாக்கடை அடைத்திருக்கிறது, எந்த முனையில் நீர் தேங்குகிறது என்பதை வாலிபர்கள் படம் எடுத்துக் குறித்து வரட்டும். அந்தக் குறிப்பை நகராண்மைக் கழகத்திடம் சங்கத்தின் பெயரால் பெரியவர்கள் கொண்டு செல்லட்டும். காலும் கண்ணும் அவர்களுடையவை, கையெழுத்து நம்முடையது.

மூன்றாவது: சமைத்து மீந்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல் டின்னில் சேர்த்து, வாங்குவோரிடம் விற்கலாம். கொழுப்பைப் பிடிக்கும் தொட்டியைத் தவறாமல் கழுவ வேண்டும். சிலாங்கூரில் 2017 ஜனவரி முதல் பிளாஸ்டிக் பைக்கு 20 காசு வசூலிக்கும் விதி வந்தது. அதைக் கல்லாவுக்கு வந்த வருமானமாக எண்ணாமல், பையைக் குறைப்பதற்கான விதியாக எண்ணி நடப்போம்.

நான்காவது: கிட்டங்கியில் சரக்கைத் தரையில் வைக்காமல் பலகை மேல் ஏற்றி வையுங்கள். கணக்குப் புத்தகங்களுக்கு வேறிடத்தில் ஒரு பிரதி இருக்கட்டும். இன்ஷுரன்ஸோ தக்காபுலோ, உங்கள் தீப் பாதுகாப்புப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். சாதாரணத் தீப் பத்திரத்தில் வெள்ளம் அடங்காது. தனியே சேர்க்கக் கேட்க வேண்டும். இது தெரியாமல் ஏமாந்தவர்கள் ஏராளம்.

கடையை மகனிடம் ஒப்படைக்கும் தகப்பன் கடனையும் சேர்த்துக் கொடுக்க விரும்புவதில்லை. இந்தப் பூமியும் அப்படி ஓர் அமானிதமே. அதன் கடன் கணக்கை நம் பிள்ளைகள் இப்போதே கேட்கிறார்கள். கேட்பது அவர்கள் உரிமை; பேரேட்டைத் திறந்து காட்டுவது நம் கடமை.

7. கூட்டத்தில் ஆலோசிக்க வினாக்கள்

1. உங்கள் கடை இருக்கும் தெருவில் கடந்த ஐந்து வருஷங்களில் எத்தனை முறை நீர் ஏறியது? எவ்வளவு நஷ்டம்? எழுதி வாருங்கள்.

2. உங்கள் பத்திரத்தில் வெள்ளம் சேர்க்கப்பட்டிருக்கிறதா?

3. உங்கள் வீட்டு வாலிபர் இவ்விஷயம் பற்றி உங்களிடம் கடைசியாக என்ன சொன்னார்? நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்?

மூன்றாம் வினாவுக்கு விடை எழுதும்போது பிள்ளையையும் அருகில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்துக்கும் அவரை அழைத்து வாருங்கள். இப்பாடத்தின் மறுபகுதியை அவர்களே நடத்தட்டும், நாம் கேட்டுக்கொண்டிருப்போம்.