வடகடற் செலவு

நார்வே நாட்டிற்கு வடக்கே, நிலவுலகின் முடியை அடுத்து, சுவால்பார்டு என்னும் தீவுக்கூட்டம் உள்ளது. ‘குளிர்ந்த கரை’ என்பது அப்பெயரின் பொருள். அந்நிலப்பரப்பில் பாதிக்கும் மேற்பட்ட பகுதியைப் பனியாறுகள் மூடியுள்ளன. கோடைக்காலத்தில் பல நாட்டு மக்களும் கப்பலேறி அங்குச் சென்று, பனியாறு கடலொடு கலக்கும் காட்சியைக் கண்டு மீள்வர். மாணவர்களே! நாமும் மனத்தால் அக்கப்பலில் ஏறிச் செல்வோம்.

பனியாறு என்றவுடன் நீர் ததும்பியோடும் ஆற்றை எண்ணுதல் கூடாது. எம் திருப்பூர்ப் பக்கத்து அரவை ஆலைகளில், கொட்டை நீக்கிய பஞ்சை மேன்மேலும் இட்டு அழுத்திப் பொதியாக்குவர். காற்றில் பறக்கும் பஞ்சு கல்போல் இறுகிவிடும். அதனைக் கண்டவர்க்குப் பனியாற்றின் பிறப்பு எளிதில் விளங்கும். ஆண்டுதோறும் ஒன்றன்மேல் ஒன்றாய் விழும் வெண்பனி, தன் நிறையாலேயே அழுந்தி, இடையிலுள்ள காற்று வெளியேறப் பெற்றுப் பளிங்குப் பாறையாகின்றது. அப்பாறை தன் சுமை தாங்காது மலைச்சரிவில் மெல்ல மெல்ல இழிகின்றது. ஞாயிற்றொளியின் செந்நிறத்தை அது தன்னுள் ஈர்த்துக்கொண்டு நீலத்தை வெளிவிடுதலின், பழம்பனி நீலமணி போல் ஒளிரும்.

நம் கப்பல் லாங்யர்பியன் துறையினின்று புறப்படுகின்றது. அமெரிக்கராகிய லாங்யர் என்பவரின் நிலக்கரி நிறுவனம் 1906-இல் தோற்றுவித்த ஊர் இது. வெண்கரடிக்கு அஞ்சி, ஊரெல்லையைக் கடப்போர் துப்பாக்கியுடன் செல்வது இங்கு வழக்கம். ஏப்ரல் பிற்பகுதி முதல் ஆகஸ்டுப் பிற்பகுதி வரை ஞாயிறு மறைவதில்லை. நள்ளிரவிலும் வெயில் எறிக்கும். இத்துணை வடக்கே கப்பல் தடையின்றிச் செல்லுதல் எங்ஙனம்? அட்லாண்டிக் பெருங்கடலினின்று வரும் வெப்ப நீரோட்டம் இம்மேற்குக் கரையைத் தழுவிச் செல்வதே காரணம்.

கரையோரமாக வடக்கு நோக்கிச் சென்று, கொங்ஸ்பியோர்டன் என்னும் நீண்ட குடாவினுள் புகுகின்றோம். கொங்கு நாட்டார் செவிக்கு இப்பெயர் உறவுபோல் ஒலிப்பினும், ‘மன்னன் குடா’ என்பதே அதன் பொருளாம். குடாவின் தலைப்பகுதியில் முடி சூடியனபோல் மூன்று மலைகள் நிற்கின்றன. சுவீடன், டென்மார்க்கு, நார்வே ஆகிய மூன்று அரசுகளின் பெயர்களை அவை தாங்கியுள்ளன. அவற்றின் பக்கத்தே குரோனபிரீன் என்னும் பனியாறு கடலில் வந்து முடிகின்றது. நாளொன்றுக்கு ஓரிரு மீட்டர் நகரும் விரைவுடையது அது. நீல மதில்போல் நிற்கும் அதன் முகப்பினின்று பெரும்பாளங்கள் பிளந்து வீழுங்கால், இடியோசை எழுந்து மலைகளில் மோதி எதிரொலிக்கும். வீழ்ந்த பாளம் எழுப்பும் அலைக்கு அஞ்சிக் கப்பல்கள் எட்டவே நிற்கும்.

குடாவின் வடபால் புளோம்ஸ்ட்ராந்து என்னும் நிலம் உள்ளது. அதன் நார்வேப் பெயர் ‘புளோம்ஸ்ட்ராந்துத் தீவக்குறை’ எனப் பொருள்படும். மூன்று புறம் நீரும் ஒருபுறம் நிலமும் உடையதே தீவக்குறை என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆனால் இஃது உண்மையில் ஒரு தீவு! பெயரிட்டவர் காலத்தில் பனியாறு ஒன்று இதனை முதன்மை நிலத்தோடு பிணைத்திருந்தது. பனியாறு பின்வாங்கிப் பின்வாங்கி 1990-களில் அப்பிணைப்பு அற்றது; இடையே கடல் புகுந்தது. நிலம் மாறிற்று, பெயர் மாறவில்லை.

அத்தீவிலேயே ‘புதிய இலண்டன்’ என்னும் பாழூர் ஒன்றுண்டு. மான்ஸ்பீல்டு என்னும் ஆங்கிலேயர் 1911 அளவில் சலவைக்கல் வெட்டத் துறையும் வீடுகளும் பொறிகளும் அமைத்தார். உறைபனியால் உள்ளே வெடித்திருந்த அக்கற்கள், வெட்டியெடுத்தபின் நொறுங்கிப் பயனற்றுப் போயின. துருவேறிய பொறிகள் இன்றும் அங்குக் கிடக்கின்றன.

எதிர்க்கரையில் உள்ளது நி-ஓலெசுண்ட் என்னும் சிற்றூர். 1926-இல் ஆமுண்ட்செனும் அவர்தம் தோழரும் வானக்கப்பலில் இவ்வூரினின்றே வடமுனையைக் கடந்து சென்றனர். அக்கப்பலைப் பிணித்த இரும்புக் கம்பம் இன்றும் நிற்கின்றது. ஊர் பிழைத்தது நிலக்கரியால். 1962-இல் சுரங்கத்தில் நேர்ந்த வெடிப்பில் 21 தொழிலாளர் மாண்டனர். அடுத்த ஆண்டே சுரங்கம் மூடப்பட்டது. பின்னர் அஃது ஆராய்ச்சியாளர் ஊராயிற்று. நுண்கருவிகளுக்கு இடையூறு நேராவண்ணம், அங்கு வருவோர் கைப்பேசியின் அலைத்தொடர்பை அணைத்தல் வேண்டும்.

அவ்வூரில் நம் நாட்டிற்கும் ஒரு மனை உண்டு. 2008 ஜூலை முதல் நாள் திறக்கப்பெற்ற அதன் பெயர் ‘இமாத்ரி’. பனிமலை என்பது பொருள். வடமுனைப் பனிக்கும் நம் பருவமழைக்கும் உள்ள தொடர்பை ஆராய்தல் அங்குச் செல்லும் அறிஞர்தம் பணிகளுள் ஒன்று. மழையை நோக்கி உழும் நாட்டிற்கு இது வீண்செலவு அன்று. 2023 டிசம்பர் முதல், ஞாயிறு தோன்றாத நீளிருட் காலத்திலும் நம்மவர் அங்குத் தங்கிப் பணியாற்றத் தொடங்கினர்.

பனியாறு மேலே வெயிலால் மட்டும் உருகுவதில்லை. முன்னர்க் கூறிய அவ்வெப்ப நீரோட்டம் குடாவினுள் புகுந்து அதன் அடியையும் அரிக்கின்றது. அந்நீரின் வெப்பத்தையும் உவர்ப்பையும் பல ஆழங்களில் அளந்து பதிய, 2014-இல் நம் அறிஞர் ‘இந்தார்க்கு’ என்னும் கருவித்தொடரைக் குடாவினுள் இறக்கினர். கப்பலின் மேல்தளத்தில் நிற்போர் கண்ணுக்கு அது புலப்படாது. நீலப் பாளங்கள் மிதந்து செல்லும் நீரின் அடியில், நங்கூரமிட்ட கயிற்றில் கட்டுண்டு, அது அளந்துகொண்டிருக்கும்.