பழைய பிக்கப் வண்டி வாங்கியதும் கவனிக்க வேண்டியவை

காய்கறியையும் வாழைத்தாரையும் சந்தைக்குக் கொண்டுசெல்லச் சிறு விவசாயிகள் பலர் பழைய டீசல் பிக்கப் வண்டிகளை வாங்குகின்றனர். வாங்கிய மறுநாளே முழுச் சுமை ஏற்றினால் வண்டி வழியில் நின்றுவிடக்கூடும். பறித்த தக்காளி வண்டிக்காகக் காத்திராது. ஆகவே, விற்றவர் சொல்லை மட்டும் நம்பாமல், கீழ்க்கண்ட வரிசையில் ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகே சுமை ஏற்ற வேண்டும்.

1. பிரேக், டயர்

ஓட்டத்தைப் பார்க்கும் முன் வண்டி நிற்பதைப் பார்க்க வேண்டும். என்ஜினை நிறுத்திவிட்டு, பிரேக் பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்கவும். பெடல் மெல்ல மெல்லக் கீழிறங்கினால் மாஸ்டர் சிலிண்டரிலோ குழாய்களிலோ கசிவு உண்டு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. எனவே பழையதை முழுவதும் நீக்கி, மூடியில் குறித்துள்ள தரத்தில் புதியது ஊற்ற வேண்டும். அவசரத்துக்கு என்ஜின் ஆயிலை ஊற்றினால் உள்ளேயுள்ள ரப்பர் பாகங்கள் உப்பிக் கெட்டுவிடும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது எனக் கொள்க. பட்டன் தேயாவிட்டாலும், பக்கவாட்டில் வெடிப்பு கண்ட டயரில் சுமை ஏற்றக்கூடாது. ஸ்டெப்னியையும் பார்க்கவும்.

2. ஆயில், தண்ணீர்

என்ஜின் ஆயிலையும் அதன் வடிகட்டியையும் உடனே மாற்றவும். ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் அதில் தண்ணீர் கலந்துள்ளது. ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்க வேண்டும். ரேடியேட்டர் மூடியை என்ஜின் ஆறிய பின்பே திறக்கவும். தண்ணீர் துருநிறமாக இருந்தால் கழுவிவிட்டு, கூலண்ட் நிரப்பவும். வெடித்த ஹோஸ் குழாய்களையும் பேன் பெல்ட்டையும் மாற்றிவிடவும்.

வண்டி சூடாகிறது என்று சிலர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடுகின்றனர். இது கூடாது. உரிய வெப்பத்தை எட்டாத என்ஜினில் டீசல் செலவு கூடும். சிலிண்டரும் விரைவில் தேயும்.

3. டீசல்

சற்று தூரம் ஓடித் திணறி நின்று, சிறிது நேரம் கழித்து மீண்டும் கிளம்பும் வண்டிகள் உண்டு. டீசல் பம்பைக் கழற்றிச் செலவு செய்யும் முன், டேங்கின் அடியில் தேங்கிய நீரையும் கசடையும் வடித்துவிட்டு, டீசல் வடிகட்டியை மாற்றிப் பார்க்கவும். பின்னர் காற்றுத் திருகைத் தளர்த்தி, நுரையின்றி டீசல் வரும்வரை கைப்பம்பை அடித்துத் திருகை இறுக்கவும். டீசல் பம்புசெட்டில் பழகியவர்களுக்கு இது தெரிந்த வேலையே. காற்று வடிகட்டி அடைத்திருந்தால் கரும்புகை வரும். நீலப்புகை தொடர்ந்து வந்தால் என்ஜினில் ஆயில் எரிகிறது என்று பொருள்.

4. பேட்டரி

செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் உடனே புது பேட்டரி வாங்க வேண்டியதில்லை. முனைகளில் பூத்த உப்பை வெந்நீரால் கழுவித் துடைத்து, எர்த் கம்பியின் பிடிப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கவும். நல்ல பேட்டரி முழு மின்னேற்றத்தில், ஓய்வு நிலையில், ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். என்ஜின் ஓடும்போது 14 வோல்ட் அளவில் இல்லையெனில் ஆல்டர்னேட்டரையும் பெல்ட்டையும் கவனிக்க வேண்டும்.

5. சோதனை ஓட்டம்

முதலில் ஊரைச் சுற்றி வெறும் வண்டியாகவும், பிறகு கால் பங்கு, அரைப் பங்குச் சுமையுடனும் ஓட்டிப் பார்க்கவும். ஒவ்வொரு முறையும் நிறுத்தியதும் சக்கரத்தின் நடுப்பகுதியைத் தொடாமல் கையை அருகில் கொண்டுசென்று பார்க்கவும். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அங்கே பிரேக் பிடித்தபடி இருக்கலாம் அல்லது பேரிங் பழுதாகியிருக்கலாம்.

ஒரே நேரத்தில் பல பாகங்களை மாற்றினால் குறை எதனால் நீங்கியது என்பது விளங்காது. ஒன்றை மாற்றி, ஓட்டிப் பார்த்து, அடுத்ததைத் தொடவும். மாற்றிய நாள், கிலோமீட்டர், செலவு ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வண்டியிலேயே வைக்கவும்.

தகுதிச் சான்றும் காப்பீடும் நடப்பில் உள்ளனவா, சேஸிஸ் எண் ஆர்.சி.யுடன் ஒத்திருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துவிட வேண்டும். வாங்கிய 30 நாட்களுக்குள் உரிமை மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அறுவடைக்கு ஒரு மாதம் முன்னதாகவே வண்டியை வாங்கினால் இவ்வளவையும் நிதானமாகச் செய்துமுடிக்கலாம்.