புண்ணின் மேல் என்ன பூசினீர்கள்?

கொதிக்கும் கஞ்சி காலில் கொட்டிய குழந்தையைத் தூக்கி வரும் தாயிடம் நாங்கள் முதலில் கேட்பவற்றுள் ஒன்று, "என்ன பூசினீர்கள்?" என்பதாகும். "ஒன்றும் பூசவில்லை" என்று அவர் சொல்வார். குழந்தையின் காலோ பேனா மையால் நீலமாக இருக்கும். திட்டுவார்களோ என்னும் அச்சமே அந்த விடைக்குக் காரணம். கள்ளக்குறிச்சியிலிருந்தும், கல்வராயன் மலையின் வெள்ளிமலை, சேராப்பட்டு போன்ற ஊர்களிலிருந்தும் வரும் அனைவரிடமும் நாங்கள் வேண்டுவது ஒன்றே: பூசியதை மறைக்காதீர்கள்.

தீக்காயம்

தீக்காயத்தின் ஆழத்தை அதன் நிறத்தைக் கொண்டும் மதிப்பிடுகிறோம். பேனா மை, காப்பித்தூள், மஞ்சள் ஆகியவை அந்நிறத்தை மறைத்துவிடுகின்றன. அவற்றைக் கழுவி அகற்றும்போது குழந்தை மீண்டும் வலியில் துடிக்கிறது. பற்பசை எரிச்சலூட்டும். சுண்ணாம்பு காரத்தன்மையால் தோலை மேலும் அரிக்கும். சாணத்திலும் மண்ணிலும் இரணஜன்னிக் கிருமிகள் இருக்கக்கூடும். எந்தப் புண்ணிலும், பச்சிளங்குழந்தையின் தொப்புளிலும் அவற்றை வைக்கலாகாது.

காயத்தின் மேல் 20 நிமிடம் குளிர்ந்த தண்ணீரை ஓடவிடுங்கள். பனிக்கட்டி வைக்காதீர்கள். தூய துணியால் தளர்வாக மூடி அழைத்து வாருங்கள்.

படுக்கைப்புண்

நெடுநாள் படுத்திருக்கும் பெரியவர்களின் படுக்கைப்புண்ணில் முட்டையின் வெள்ளைக்கரு, முகப்பவுடர், தேங்காய் எண்ணெய் எனப் பலவற்றைக் காண்கிறோம். இதில் மருத்துவமனைகளும் குற்றமற்றவை அல்ல. சிவந்த இடத்தில் சாராய நீர் தேய்க்கவும், புண்ணை விளக்கின் வெப்பத்தில் உலர்த்தவும் செவிலியருக்கு ஒரு காலத்தில் கற்பிக்கப்பட்டது. ஈரப்பதம் காக்கப்பட்ட காயத்தில் புதுத்தோல் விரைவாக வளர்வதை 1962இல் ஜார்ஜ் விண்டர் பன்றிகளிடம் செய்த ஆய்வில் காட்டினார். அதன் பின்னரே உலர்த்தும் வழக்கம் படிப்படியாகக் கைவிடப்பட்டது.

படுக்கைப்புண்ணுக்கு மூலகாரணம் இடைவிடாத அழுத்தம். அதனை எந்தப் பூச்சும் நீக்காது. நோயாளியை ஏறத்தாழ 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். சிவந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். சிறுநீர், மலம் பட்ட தோலை உடனே கழுவி, ஒற்றித் துடையுங்கள். முட்டையைப் புண்ணில் பூசுவதைவிட வேகவைத்து உண்ணக் கொடுங்கள். அதிலுள்ள புரதம் புண் ஆற உதவும்.

வாழையிலையும் தேனும்

வீட்டு மருந்துகள் அனைத்தும் வீண் என்று நாங்கள் சொல்லவில்லை. தீக்காயத்தின் மேல் வாழையிலைக் கட்டு இடுவதை மும்பை மருத்துவர்கள் ஆராய்ந்து 2003இல் வெளியிட்டனர். இலையின் வழவழப்பால் அது புண்ணில் ஒட்டுவதில்லை. ஆனால் அவர்கள் பயன்படுத்தியது கிருமி நீக்கிய இலை.

தேனைத் தீக்காயத்துக்கு இட்டு நற்பயன் கண்டதாக மருத்துவர் எம். சுப்ரமணியம் 1991இல் எழுதினார். அவரே 1999இல், நடுத்தரத் தீக்காயங்களுக்குத் தேனைவிட விரைந்து செய்யும் தோல் ஒட்டு அறுவையே மேல் என்று ஆய்ந்து காட்டினார். காயத்துக்கென விற்கும் தேன் கதிர்வீச்சால் கிருமி நீக்கப்பட்டது. மலைத்தேன் உணவுக்கு இனியது, புண்ணுக்கு வேண்டாம். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு எந்தத் தேனையும் நாவில் கூடத் தடவாதீர்கள்.

காத்திராமல் வர வேண்டியவை

1. முகம், கை, பாதம், பிறப்புறுப்பு, மூட்டு ஆகியவற்றில் பட்ட தீக்காயம்.
2. குழந்தைக்கோ முதியவருக்கோ ஏற்பட்ட எந்தத் தீக்காயமும்.
3. நீரிழிவு உள்ளவரின் காலில் தோன்றும் சிறு புண்ணும்.
4. கருமை, துர்நாற்றம், சீழ், காய்ச்சல் கொண்ட படுக்கைப்புண்.

நடந்து வர இயலாவிடில் 108ஐ அழையுங்கள். வந்ததும், வீட்டில் பூசியது எதுவாயினும், பூசிய நேரத்தோடு சொல்லிவிடுங்கள். உங்கள் கையில் கிடைத்ததைக் கொண்டு வலியைத் தணிக்க முயன்றீர்கள் என்பதை நாங்கள் அறிவோம். அதற்காக உங்களைக் கடிந்துகொள்ள மாட்டோம்.